மூலக்கூறு உயிரியலால் மேம்படுத்திய பயிர் என்றாலே மரபணு மாற்றுப் பயிர்தானா? அதிலிருந்து விதை எடுத்து வைக்கலாமா?

முதல் கேள்விக்குப் பதில்: இல்லை. நெல் ஆய்வகம் ஒன்றில் நான்கு ஆண்டுகள் இருந்தேன். அத்தனை நாளிலும் எந்தச் செடிக்குள்ளும் ஒரு மரபணுவைக்கூட நான் செலுத்தியதில்லை. நான் பார்த்த வேலைக்கு உண்மையான பெயர், நாற்றுகளைப் பிடுங்கி எறிவது. எதை எறிவது, எதை வைத்துக்கொள்வது என்று தெரிந்துகொள்ளத்தான் டி.என்.ஏ., அதன் ஒரு துண்டைப் பல மடங்கு பெருக்கும் பி.சி.ஆர். எல்லாம்.

டெல்டாக்காரன் என்பதால் சி.ஆர். 1009 நெல்லை வைத்தே சொல்கிறேன். சாவித்திரி, பொன்மணி என்றும் அதற்குப் பெயர்கள் உண்டு. எங்கள் வீட்டில் வெறும் ‘ஆயிரத்தொன்பது’. ஐந்து மாதம் வயலில் நிற்கும் சம்பா ரகம். குண்டு அரிசி. இட்லிக்கு அதை விட்டால் அம்மாவுக்கு வேறு ஆகாது. ஆனால் வடகிழக்குப் பருவமழையில் வயல் மூழ்கித் தண்ணீர் வடியாமல் நின்றுவிட்டால் பயிர் அழுகிப்போகும்.

மூழ்கிய நெல் எப்படிச் சாகிறது என்பது எனக்குச் சலிக்காத கதை. தண்ணீருக்குள் போன பயிரில், அதுவே உண்டாக்கும் எத்திலீன் வாயு வெளியேற வழியின்றித் தேங்குகிறது. உடனே பயிர் தலையை வெளியே நீட்டிவிடப் பார்க்கிறது. பரபரவென்று உயர்கிறது. சேர்த்து வைத்த மாவுச்சத்து முழுவதும் அதிலேயே கரைகிறது. தண்ணீர் வடியும்போது நிற்கத் தெம்பில்லாமல் சாய்ந்து மடிகிறது. ஒடிசாவின் நாட்டு நெல் ஒன்றிலிருந்து தேர்ந்தெடுத்த எஃப்.ஆர். 13ஏ என்ற ரகத்துக்கு இந்தப் பதற்றம் கிடையாது. வளர்ச்சியை நிறுத்தி மூச்சடக்கிக் கிடக்கும். இரண்டு வாரம் கழித்துத் தண்ணீர் வடிந்தாலும் துளிர்த்து வரும்.

இந்தக் குணம் பல பத்தாண்டுகளாகத் தெரிந்ததுதான். கலப்புச் செய்து நல்ல ரகங்களுக்குக் கொண்டுவர முயன்றும் பார்த்தார்கள். வெள்ளம் தாங்கும் குணத்தோடு நாட்டு நெல்லின் உயரமும் குறைந்த விளைச்சலும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்தன. 1996இல் கெனோங் சூ, டேவிட் மெக்கில் இருவரும் அந்தக் குணத்தின் பெரும்பங்கு ஒன்பதாவது குரோமோசோமில் ஒரே இடத்தில் இருப்பதைக் காட்டினார்கள். அந்த இடத்துக்குப் பெயர் சப்1. அங்குள்ள சப்1ஏ என்ற மரபணுதான் காரணம் என்பதை, பமேலா ரொனால்டும் இடம்பெற்ற குழு 2006இல் வெளியிட்டது.

இடம் தெரிந்துவிட்டால் வேலை மாறிவிடுகிறது. ஆயிரத்தொன்பதையும் எஃப்.ஆர். 13ஏ வழிவந்த நெல்லையும் கலந்து, பிறந்த பிள்ளையை மறுபடி ஆயிரத்தொன்பதோடே கலக்க வேண்டும். அதன் பிள்ளையையும் அப்படியே. இதைப் பிற்கலப்பு என்பார்கள். கலப்பது பழைய கைவேலைதான். மாலையில் ஒவ்வொரு பூவின் நுனியையும் வெட்டி, மகரந்தப் பைகளை எடுத்துவிட்டுக் காகித உறை போட வேண்டும். மறுநாள் வெயில் ஏறும் நேரத்தில் மற்ற நெல்லின் கதிரைக் கொண்டுவந்து மகரந்தத்தை உதிர்க்க வேண்டும். முதுகு ஒடிந்துவிடும்.

கருவி அதற்கு அடுத்துத்தான் வருகிறது. நாற்றுகள் இரண்டு வாரம் வளர்ந்ததும் ஒவ்வொன்றிலும் இலைத்துண்டு கிள்ளி, டி.என்.ஏ. பிரித்து, பி.சி.ஆரில் பெருக்கி, துண்டுகளை அளவுவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் ஓட்டுவோம். சப்1 வந்திருக்கிறதா என்று ஜெல்லில் தெரியும் பட்டை சொல்லிவிடும். வராத நாற்றுகள், ஏறக்குறைய பாதி, அன்றே குப்பைக்குப் போகும். நாற்றுகளை மூழ்கடித்துப் பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை. மிஞ்சியவற்றில், சப்1ஐ மட்டும் வைத்துக்கொண்டு அதை ஒட்டியிருந்த வேண்டாத நாட்டு நெல் துண்டுகளை உதறிவிட்ட நாற்று எது என்று அடுத்த சோதனை. அப்படி ஒன்று அகப்பட்ட நாளில் எல்லோருக்கும் என் செலவில் டீ. மற்ற குரோமோசோம்களில் ஆயிரத்தொன்பது எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பது கடைசிச் சோதனை. மூன்று பிற்கலப்புக்குப் பின் சராசரியாக 93.75 சதவீதம் திரும்பும் என்பது கணக்கு. சராசரியைத் தாண்டிய நாற்றைப் பொறுக்கி எடுப்பதால்தான், ஆறேழு பிற்கலப்பு இழுக்கும் வேலை இரண்டு மூன்றில் முடிகிறது.

எங்கள் ஆய்வகம் இதே முறையை வேறு ரகங்களில் செய்தது. ஓர் ஐப்பசி மழையில் என் குறிச்சீட்டுகளில் மை கரைந்து, எது எந்தக் கலப்பு என்று தெரியாமல் போயிற்று. மறுபடி இலை கிள்ளி, ஜெல் ஓட்டி, இரண்டு வாரத்தில் அடையாளம் கண்டோம். பென்சிலால் எழுதியிருந்தால் இந்த உயர் தொழில்நுட்பம் தேவைப்பட்டிருக்காது.

பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் முதலில் ஆந்திராவின் சுவர்ணா ரகத்துக்கு இப்படிச் செய்தது. 2009இல் சுவர்ணா சப்1 இந்தியாவில் வெளியானது. ஆயிரத்தொன்பதுக்கும் அங்கேயே சப்1ஐச் சேர்த்தார்கள். அது தமிழ்நாட்டிலும் வெளியிடப்பட்டது.

சப்1ஐ வரம் என்று நினைத்துவிட வேண்டாம். தூர் கட்டும் பருவத்தில் வரும், இரண்டு வாரத்தில் வடியும் வெள்ளத்துக்குத்தான் அது. பூக்கும் நேரத்தில் மூழ்கினாலோ, நேரடி விதைப்பில் முளைக்கும் முன்பே தண்ணீர் நின்றாலோ பயன் இல்லை. வடிகால் வாய்க்கால் தூர்ந்து கிடந்தால் ஆய்வகம் என்ன செய்யும்?

2025 மே மாதம் இந்தியா அறிவித்த இரண்டு நெல் ரகங்கள் வேறு வகை. அவற்றில் நெல்லின் சொந்த மரபணுவையே, டி.என்.ஏ.வைக் குறித்த இடத்தில் வெட்டும் கிரிஸ்பர் கருவியால் திருத்தியிருக்கிறார்கள். 2002இல் அனுமதி பெற்ற பிடி பருத்தியில்தான் பாக்டீரியாவின் மரபணு உண்டு. பிற்கலப்பு, திருத்தம், மரபணு மாற்றம் மூன்றையும் ஒரே பெயரில் திட்டுவதும் ஒரே பெயரில் புகழ்வதும் எனக்குச் சோம்பேறித்தனமாகவே படுகிறது.

இரண்டாவது கேள்விக்கு: எடுத்து வைக்கலாம். ஆயிரத்தொன்பது சப்1, எடுத்து வைத்த விதையில் குணம் மாறிப்போகும் வீரிய ஒட்டு ரகம் கிடையாது. நல்ல கதிராகப் பார்த்து, மற்ற ரகம் கலக்காமல் எடுத்து வைத்தால் அடுத்த ஆண்டும் அதே நெல்தான். விதை வாங்கும்போது மட்டும் சான்று அட்டையில் ‘சப் 1’ என்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் வயலில் பழைய ஆயிரத்தொன்பதும் இதுவும் ஒன்றுபோலவே நிற்கும். அப்பா ஒருமுறை நாற்றங்கால் வரப்பில் நின்று, எப்படித்தான் கண்டுபிடிப்பது என்று கேட்டார். இலையைக் கிள்ளி ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும், இல்லையென்றால் பத்துப் பதினைந்து நாள் தண்ணீரில் மூழ்கடித்துப் பார்க்க வேண்டும் என்றேன். “ரெண்டாவதை மழையே பார்த்துக்கொள்ளும்” என்று சொல்லிவிட்டு மடையை அடைக்கப் போய்விட்டார்.