யார்டில் நிற்கும் காடிக்கு நாள் கணக்கு வைக்கிறீர்களா?

கேள்வி: பட்டர்வொர்த்தில் செகண்ட் ஹேண்ட் காடி விற்கிற சின்ன யார்டு ஒன்றை 14 மாதமாக நடத்துகிறேன். இப்போது 11 காடி நிற்கிறது. மாதம் மூன்று நான்கு விற்கிறேன். ஒவ்வொன்றிலும் லாபம் தெரிகிறது, ஆனால் வங்கிக் கணக்கில் பணம் இல்லை. மூன்று காடி நான்கு மாதத்துக்கு மேலாக நகரவே இல்லை. போன வாரம், காடி வாங்கி மூன்று வாரமே ஆன ஒருவர் கியர்பாக்ஸ் போய்விட்டது என்று வந்து நிற்கிறார். பணத்தைத் திருப்பித் தராவிட்டால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போவேன் என்கிறார். ரசீதில் 'உள்ளபடி விற்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். நான் எங்கே தப்பு செய்கிறேன், அண்ணே?

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தில் எத்தனை விற்றது, எத்தனை நிற்கிறது என்றெல்லாம் இருக்கிறது. என்ன விலைக்கு வாங்கினீர்கள், யாரிடம் வாங்கினீர்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. செபராங் பிறையில் இருபது வருடத்துக்கு மேல் இதே தொழிலில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்த வியாபாரத்தில் காசு வருவதும் போவதும் காடியை வாங்குகிற அன்றைக்கே முடிவாகிவிடுகிறது. விற்கிற நாளில் அது வெளியே தெரிகிறது, அவ்வளவுதான்.

முதலில் லாபம் தெரிந்தும் பணம் இல்லாத விஷயம். ஒரு உதாரணக் கணக்கு போடுவோம், எண்களை உங்கள் நோட்டில் உள்ளபடி மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு மைவியை 36,000 வெள்ளிக்கு வாங்குகிறீர்கள். டயர், பேட்டரி, பாலிஷ், பரிசோதனை, தாள் வேலைக்கு அலையும் ரன்னரின் கூலி எல்லாம் சேர்த்து 1,600. அதை 40,500-க்கு விற்றால் 2,900 வெள்ளி லாபம் என்று எழுதி வைப்பீர்கள். இப்போது யார்டு வாடகை மாதம் 3,300 என்று வையுங்கள். 11 காடிக்குப் பங்கு போட்டால் ஒரு காடிக்கு ஒரு நாளைக்கு 10 வெள்ளி. உதவிக்கு இருக்கும் பையனின் 2,200 வெள்ளி சம்பளத்தில் ஒரு காடியின் பங்கு நாளுக்கு ஏறக்குறைய 7 வெள்ளி. அந்த 36,000-ஐ ஆண்டுக்கு 8 விழுக்காடு வட்டிக்குப் புரட்டியிருந்தால் நாளுக்கு 8 வெள்ளி. ஆக மொத்தம் 25 வெள்ளி. காடி 30 நாளில் போனால் உங்கள் கையில் 2,150 நிற்கும். 120 நாளில் போனால் 3,000 வெள்ளி கரைந்து, 100 வெள்ளி கைநட்டம். நோட்டில் மட்டும் அதே 2,900 லாபம் எழுதியிருக்கும். உங்கள் பணம் போன இடம் இதுதான் தம்பி.

சொந்தப் பணம் என்பதால் வட்டி இல்லை என்று நினைக்காதீர்கள். நிற்கிற மூன்று காடியில் முடங்கிய பணத்தில் இன்னொரு நல்ல காடி வாங்கியிருக்கலாம், அதை வாங்க முடியாமல் போனதும் நட்டம்தான். இதற்கு மேல் சந்தை விலை வேறு இறங்கும். உள்ளூரில் பொருத்திய புதுக் காடிகளுக்கான விற்பனை வரி 2020 ஜூன் 15 முதல் 2022 ஜூன் 30 வரை முழுதாக நீக்கப்பட்டிருந்தது ஞாபகம் இருக்கும். புதுக் காடியின் விலை குறைகிற நாளில், ஒன்றிரண்டு வருடம் ஓடிய அதே காடியை நேற்றைய விலைக்கு யார் வாங்குவார்? இப்போது சீனக் காடிகளின் புது விலைகளும் அதே வேலையைத்தான் செய்கின்றன.

அதனால் ஒவ்வொரு காடிக்கும் வாங்கிய தேதியை ஒரு தாளில் எழுதி ஆபீஸ் சுவரில் ஒட்டுங்கள். நான் வைத்திருந்த வழக்கம் இது: 45 நாள் தாண்டினால் விலையைக் குறைப்பேன். 75 நாள் தாண்டினால் வேறு யார்டுக்கோ ஏலத் தளத்துக்கோ கொடுத்துவிடுவேன், வாங்கிய விலைக்குக் கீழே போனாலும் சரி. முதல் தடவை மனசு கேட்காது. ஆனால் அப்படி வந்த பணத்தில் மைவியோ பெஸ்ஸாவோ வாங்கி மூன்று வாரத்தில் தள்ளிவிடும்போது, அந்த நட்டம் எவ்வளவு சின்னது என்று புரியும். உங்களிடம் நிற்கும் மூன்றையும் இந்த மாதமே வெளியேற்றுங்கள்.

அப்புறம் வாங்குவது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

2017 நவம்பர் 4 இரவு பினாங்கில் அடித்த புயல்மழையும் வெள்ளமும் உங்களுக்கு நினைவிருக்கும். அதற்கு இரண்டு மாதம் கழித்து ஒரு வெள்ளை செடானை வாங்கினேன். விலை கொஞ்சம் மலிவு, பெயிண்ட் பளபளப்பு, உள்ளே வாசனைத் திரவியம் மணந்தது. அந்த மணத்தில் நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஒரு தாதி அதை வாங்கிப் போனார். மூன்றாவது மாதம் நெடுஞ்சாலையில் இன்ஜின் அணைந்து, இரவில் தனியாக நின்றிருக்கிறார். பிரித்துப் பார்த்தால் வயர் இணைப்புகளில் எல்லாம் பச்சைப் பூஞ்சை பிடித்த மாதிரி துரு, வெள்ளத்தில் மூழ்கிய காடி அது. காடியைத் திரும்ப எடுத்துக்கொண்டு முழுப் பணத்தையும் கொடுத்தேன். ஒன்பதாயிரம் வெள்ளிக்கு மேல் போனது. அந்தப் பணத்தைவிட, அவர் அந்த இருட்டில் நின்ற நேரம்தான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

அன்றிலிருந்து பணம் எண்ணுவதற்கு முன் செய்வது: நான்கு சீட் பெல்ட்டையும் கடைசி வரை இழுத்துப் பார்ப்பேன். காடியைக் கழுவுகிறவர்கள் பெல்ட்டின் அடிப்பகுதியைக் கழுவுவதில்லை, சேற்றுக் கோடு அங்கே இருக்கும். பெல்ட்டின் அடியில் தைத்த சீட்டில் தயாரித்த தேதி இருக்கும். காடி 2016, பெல்ட் 2019 என்றால், பெரிய விபத்துக்குப் பிறகு மாற்றியிருக்கிறார்களோ என்று சந்தேகப்படுங்கள். ஸ்பேர் டயர் குழியைப் பார்ப்பேன். முன் சீட்டைத் தாங்கும் கம்பிகளின் அடியைக் கையால் தடவுவேன். டயரின் பக்கவாட்டில் நான்கு எண் இருக்கும்: 3519 என்றால் 2019-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரம். நான்கு டயரும் நான்கு வயதில் இருந்தால், காடியைப் பராமரித்த விதமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

மீட்டர் 60,000 கிலோமீட்டர் காட்டுகிறது, ஆனால் பிரேக் மிதியின் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருக்கிறது, ஸ்டியரிங்கின் தோல் பளபளக்கிறது என்றால் நம்பாதீர்கள், சர்வீஸ் புத்தகத்தைக் கேளுங்கள். மீட்டரை யார் குறைத்தாலும், அந்த எண்ணைச் சொல்லி விற்பவர் நீங்கள். 2011 வர்த்தக விவரிப்புச் சட்டத்தின்படி பொய்யான விவரம் கொடுத்து விற்கும் தனிநபருக்கு 100,000 வெள்ளி வரை அபராதமோ, மூன்று ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். தெரியாது என்று சொல்லித் தப்பிக்கலாம் என்று இருக்காதீர்கள்.

ஒவ்வொரு ரகத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். புரோட்டோன் சாகாவில் 2016 மாடலில் வந்தது சி.வி.டி., அதாவது தனித்தனி கியர் படிகள் இல்லாத ஆட்டோ கியர்பாக்ஸ். 2019 மாற்றத்துக்குப் பிறகு வந்தது நான்கு கியர் ஆட்டோ. வெளியே பார்த்தால் ஒன்று போலத்தான் இருக்கும், கேட்கிற ஆட்கள் வேறு, விலையும் வேறு. பழைய ஹோண்டாவை வாங்கினால் சேஸி எண்ணைக் கொடுத்து, கோளாறுள்ள தக்காட்டா ஏர்பேக் மாற்றப்பட்டுவிட்டதா என்று பாருங்கள். மாற்றித் தருவது இலவசம். வெடித்துச் சிதறி உயிர் போன சம்பவங்கள் நம் நாட்டிலேயே நடந்திருக்கின்றன. அதை மாற்றாமல் ஒரு குடும்பத்தின் கையில் சாவியைக் கொடுக்காதீர்கள்.

தாள் வேலைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பணம் கொடுப்பதற்கு முன்பே போலீஸ் சம்மன், ஜே.பி.ஜே. (சாலைப் போக்குவரத்துத் துறை) சம்மன் இரண்டையும் சரிபாருங்கள். கறுப்புப் பட்டியலில் இருந்தால் பெயர் மாற்ற முடியாது. விற்பவருக்கு வங்கிக் கடன் பாக்கி இருந்தால், அதை நீங்களே நேராக வங்கியில் கட்டிவிட்டு மீதியை மட்டும் அவரிடம் கொடுங்கள், 'நான் கட்டிக்கொள்கிறேன்' என்ற பேச்சே வேண்டாம். பெயர் மாற்றத்துக்கு புஸ்பாகோம் போன்ற வாகனப் பரிசோதனை நிலையத்தின் பி5 பரிசோதனையும், லோன் போடுவதற்கு பி7-உம் தேவை. காடி கையில் வந்த வாரமே பரிசோதனைக்கு அனுப்புங்கள். அங்கே தெரிகிற கோளாறு வாங்க வருகிறவர் முன்னால் தெரிவதைவிட மேல். காப்புறுதியும் ரோட் டேக்ஸும் இல்லாத காடியை ஓட்டிப் பார்க்கக் கொடுப்பதும் வேண்டவே வேண்டாம். ஒரு விபத்து போதும், யார்டே போய்விடும்.

லோன் விஷயத்தில்தான் சின்ன யார்டுக்காரர்கள் அதிக நாளை இழக்கிறார்கள். ஒருவர் வருகிறார், பிடித்திருக்கிறது என்கிறார், புக்கிங் கொடுக்கிறார். நீங்கள் காடியை ஓரம் கட்டுகிறீர்கள். மூன்று வங்கி, மூன்று வாரம், கடைசியில் இல்லை என்கிறார்கள். அந்த மூன்று வாரத்துக்கு, மேலே சொன்ன கணக்குப்படி, 500 வெள்ளிக்கு மேல் போயிற்று. புக்கிங் வாங்குவதற்கு முன்பே மூன்று மாதச் சம்பளச் சீட்டு, இ.பி.எஃப். கணக்கு அறிக்கை, வங்கிக் கடன்களைக் கட்டிய விதம் காட்டும் சி.சி.ஆர்.ஐ.எஸ். அறிக்கை இவற்றைக் கேளுங்கள். சி.சி.ஆர்.ஐ.எஸ். அறிக்கையை அவரே பேங்க் நெகாராவிடம் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். கடந்த 12 மாதத்தில் தவணை தவறியிருந்தால் அதிலேயே தெரிந்துவிடும். கேட்பதற்குச் சங்கடமாக இருக்கும், ஆனால் மரியாதையாகக் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. புக்கிங் தொகையையும் இஷ்டத்துக்கு வாங்காதீர்கள். தவணைக் கடனில் காடி விற்பதற்கான வாடகைக் கொள்முதல் சட்டம் காடி விலையில் 1 விழுக்காட்டுக்கு மேல் புக்கிங் வாங்க அனுமதிப்பதில்லை. 40,500 வெள்ளி காடிக்கு 405 வெள்ளி. முன்பணம் இல்லாதவருக்காக வங்கிக்கு விலையை ஏற்றிக் காட்டும் வேலையும் வேண்டாம். அது பொய் ஆவணம். கடனை அடைக்க முடியாமல் தவிக்கப் போவது நம்மை நம்பி வந்த ஆள்.

இன்னொன்று, நிறைய பேர் கவனிக்காதது: மாதம் நான்கு காடி, சராசரி 38,000 என்றால் உங்கள் ஆண்டு விற்பனை 1.8 மில்லியன் வெள்ளியைத் தாண்டுகிறது. இ-இன்வாய்ஸ், அதாவது வருமான வரி வாரியத்துக்கு மின்வழி அனுப்பும் விற்பனைச் சீட்டு, கட்டாயமா என்று பார்ப்பது மொத்த விற்பனையை வைத்து, லாபத்தை வைத்து அல்ல. 'நான் சின்ன ஆள்' என்று இருந்துவிடாதீர்கள். மளிகைக் கடை மாதிரி மாதக் கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே இன்வாய்ஸ் போடும் சலுகை காடி விற்பனைக்குக் கிடையாது, ஒவ்வொரு காடிக்கும் தனித்தனியாகப் போட வேண்டும். தொடங்கிய ஆண்டைப் பொறுத்து தேதி மாறும் என்பதால் இந்த வாரமே கணக்காளரைப் பாருங்கள்.

இனி, அந்த கியர்பாக்ஸ் விஷயம். 'உள்ளபடி விற்கப்பட்டது' என்ற வரியை நம்பி நிற்காதீர்கள். 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் கொடுக்கும் உரிமையை ஒரு ரசீதில் எழுதி எடுத்துவிட முடியாது. பொருள் அதன் விலைக்கும் தன்மைக்கும் ஏற்ற தரத்தில் இருக்க வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் உத்தரவாதம். பழைய காடி புதுக் காடி மாதிரி இருக்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை, ஆனால் மூன்றாவது வாரத்தில் கியர்பாக்ஸ் போவதை நியாயம் என்று சொல்ல வைப்பது கஷ்டம். காடி வாங்கியவர் 5 வெள்ளி கட்டி நடுவர் மன்றத்தில் மனு போட்டால் போதும், 50,000 வெள்ளி வரை கோரலாம், வக்கீல் வைக்க முடியாது, நீங்களே போய் நிற்க வேண்டும்.

அதே சட்டத்தில் உங்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. சரிசெய்யக்கூடிய குறை என்றால் நியாயமான காலத்துக்குள் சரிசெய்து கொடுக்கலாம். அதைச் செய்ய மறுத்தாலோ இழுத்தடித்தாலோதான் காடியைத் திருப்பிவிட்டுப் பணம் கேட்கும் உரிமை அவருக்கு வலுக்கிறது. ஒரு வாரம் ஏற்கனவே போய்விட்டது. இன்று சாயங்காலமே அவருக்கு போன் போடுங்கள். இழுவை லோரிக்கு நீங்கள் காசு கொடுத்து, கியர்பாக்ஸ் வேலை மட்டும் செய்கிற ஒரு போமேனிடம் காடியைக் கொண்டுபோங்கள். பிரிக்கும்போது காடி வாங்கியவரும் பக்கத்தில் இருக்கட்டும். பழுது என்ன, பழைய காடிகளின் பாகங்களை விற்கும் ஹாஃப்-கட் கடையில் கியர்பாக்ஸ் கிடைத்தால் எவ்வளவு, எத்தனை நாள் ஆகும் என்பதைப் போமேன் இருவருக்கும் முன்னால் சொல்லட்டும். செலவை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். மாற்றிய கியர்பாக்ஸுக்கு மூன்று மாதமோ ஆறு மாதமோ உத்தரவாதத்தை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். வேலை முடிகிற வரை அவர் வேலைக்குப் போக, ரோட் டேக்ஸும் காப்புறுதியும் உள்ள காடி ஒன்று யார்டில் இருந்தால் அதைக் கொடுத்து அனுப்புங்கள்.