தெருவிளக்கில் தொடங்குங்கள், டெல்லி அப்புறம்

கேள்வி: ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் 6 முதல் 8 வரை சமூக அறிவியல் எடுக்கிறேன். வரலாறு என்றால் ஆர்வமாகக் கேட்கும் பிள்ளைகள், குடிமையியல் வந்ததும் சோர்ந்துவிடுகிறார்கள். மக்களவை உறுப்பினர் எண்ணிக்கையை ஒப்பிக்கிறார்கள்; எம்.எல்.ஏ.வுக்கும் எம்.பி.க்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் விழிக்கிறார்கள். பேச்சு தேர்தல் பக்கம் போனால் கட்சிச் சண்டை வந்துவிடுமோ என்று எனக்கும் பயம். போர்ஷனையும் முடிக்க வேண்டும். என்ன செய்யலாம்? (பெயர் வெளியிட விரும்பாத ஆசிரியை)

பதில்: வணக்கம் டீச்சர். உங்கள் முதல் பாடம் பள்ளியின் பெயர்ப் பலகையிலேயே இருக்கிறது. ‘ஊராட்சி ஒன்றியம்’ என்ற பெயர் அதில் ஏன் வந்தது என்று நாளைக்கே கேளுங்கள். தினமும் அதைத் தாண்டித்தான் வருகிறார்கள், யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

அடுத்து, ஊரில் பழுதான ஒன்றைப் பிள்ளைகளே தேர்ந்தெடுக்கட்டும். தெருவிளக்கு எரியவில்லை என்று வைத்துக்கொள்வோம். யாரிடம் போய்ச் சொல்வது? பாதி வகுப்பு வி.ஏ.ஓ. என்று சொல்லும், பெரியவர்களே அப்படித்தான் நினைக்கிறார்கள். அவரோ வருவாய்த் துறை, தாசில்தாருக்குக் கீழே வருகிறவர். தெருவிளக்கு கிராம ஊராட்சியின் பொறுப்பு. ஆனால் கம்பத்தில் கரண்டே வரவில்லை என்றால் மின்வாரியம். மெயின் ரோட்டில் பள்ளம் என்றால் நெடுஞ்சாலைத் துறை. இப்படி ஊரின் வரைபடத்தைச் சார்ட்டில் வரைந்து, ஒவ்வொன்றுக்கும் யார் பொறுப்பு என்று எழுதச் சொல்லுங்கள். இதற்கு 2 வகுப்பு போனாலும் பரவாயில்லை. உள்ளாட்சி, மாநிலம், மத்திய அரசு என்று மூன்றும் ஏன் தனித்தனியாக இருக்கின்றன என்பது அந்தச் சார்ட்டிலேயே தெரிந்துவிடும். எம்.எல்.ஏ., எம்.பி. குழப்பமும் அங்கே தீரும்: பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி பற்றிச் சென்னையில் பேசுகிறவர் ஒருவர், ரயில், ராணுவம் பற்றி டெல்லியில் பேசுகிறவர் இன்னொருவர்.

உத்திரமேரூர் கல்வெட்டைப் பெருமைக்காக மனப்பாடம் செய்ய வைத்துவிட்டுக் கடந்துபோகாதீர்கள். பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு எடுத்து ஊர்ச் சபைக்கு ஆள் தேர்ந்தெடுத்த, சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்து அந்தக் குடவோலை விதிகளைக் கரும்பலகையில் எழுதுங்கள். வயது 35க்கு மேல், 70க்குள். வரி கட்டும் கால்வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் நிலம், சொந்த மனையில் வீடு. முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் நிற்க முடியாது. அப்புறம் கேளுங்கள்: இந்த விதிப்படி நம் தெருவில் எத்தனை பேர் நிற்கலாம்? உங்கள் அம்மா நிற்கலாமா? வகுப்பு சூடாகிவிடும். இன்றைக்கு 21 வயதானால் ஊராட்சித் தேர்தலில் போட்டியிடலாம், தமிழக உள்ளாட்சிகளில் பாதி இடங்கள் பெண்களுக்கு, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் ஒதுக்கீடு என்பதெல்லாம் அதற்குப் பிறகு வெறும் தகவலாக இருக்காது. கணக்குக் காட்டாதவர் விஷயத்தில் மட்டும் பழைய விதியே மேல் என்று யாராவது சொன்னால் வாதாட விடுங்கள்.

கட்சிச் சண்டை பற்றிய உங்கள் பயம் நியாயமானதுதான். ஆனால் தமிழ்நாட்டில் ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் தேர்தல்கள் கட்சிச் சின்னம் இல்லாமல் நடப்பவை. அங்கிருந்து தொடங்கினால் கட்சிப் பெயரே தேவைப்படாது. மேலே போகும்போதும் பதவியைப் பற்றிப் பேசுங்கள், பதவியில் இருப்பவரை விட்டுவிடுங்கள். அதற்காகச் சங்கடமான கேள்விகளைத் தட்டிக்கழிக்க வேண்டாம். 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களில் ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்குப் பதிலாக அரசு நியமித்த தனி அலுவலர்கள் வந்தார்கள். உங்கள் ஊர் அதில் இருந்தால், “ஏன் டீச்சர் உடனே தேர்தல் வைக்கல?” என்று ஒரு பிள்ளை கேட்கும். பதவிக்காலம் 5 ஆண்டு என்று அரசியலமைப்பு சொல்வதையும் நடந்ததையும் அப்படியே சொல்லுங்கள். அதைச் சொல்வது அரசியல் பேசுவது ஆகாது, உங்கள் பாடமே அதுதான்.

வகுப்புத் தலைவரை நீங்கள் நியமிக்கிறீர்களா? இனி ரகசிய வாக்கெடுப்பு வையுங்கள். வென்றவருக்கு நூலகப் புத்தகம் வழங்குவது போல ஒரு நிஜப் பொறுப்பைக் கொடுத்து, மாதக் கடைசியில் வகுப்பின் முன் கணக்குச் சொல்ல வையுங்கள்.

போர்ஷன் முடியுமா என்றால், முடியும். எண்களும் ஷரத்துகளும் கடைசி வாரம் திருப்புதலில் வந்துவிடும்.

கிராம சபை ஆண்டுக்கு 6 நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஆகஸ்ட் 15 கொடியேற்றத்துக்குப் பிள்ளைகள் எப்படியும் வருவார்கள். தலைமை ஆசிரியரிடமும் பெற்றோரிடமும் முன்பே சொல்லிவிட்டு 8ஆம் வகுப்பை அங்கே அழைத்துப் போங்கள். வாக்காளர் பட்டியலில் இருப்பவர்கள்தான் சபையின் உறுப்பினர்கள், பிள்ளைகள் ஓரமாக உட்கார்ந்து பார்க்கட்டும். கையில் நோட்டு இருக்கட்டும். யார் பேசினார்கள், பெண்கள் எத்தனை பேர் பேசினார்கள், வரவு செலவு வாசிக்கப்பட்டதா, என்ன தீர்மானம் போட்டார்கள் என்று குறித்துக்கொள்ளட்டும். மறு வகுப்பில் அந்த நோட்டுகளை வைத்தே சட்டமன்றப் பாடத்தை ஆரம்பியுங்கள். தீர்மானம், பெரும்பான்மை, எதிர்ப்பு என்ற சொற்களைப் புதிதாக விளக்க வேண்டியிருக்காது.