ஏல் புளிச்சதும் பாட்டில் வெடிச்சதும்: ஈஸ்ட் ஹாம் தம்பிக்குப் பதில்

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து லண்டன் ஈஸ்ட் ஹாமுக்கு வந்து நாலு மாசமான தம்பி கேட்டது இது: "வீட்டிலேயே பீர் போடற கிட் வாங்கி 23 லிட்டர் ஏல் (ஒரு வகை பீர்) போட்டேன். தொடக்கத்தில் ஹைட்ரோமீட்டர் 1.044. எட்டாம் நாள் குமிழி நின்னுச்சு, 1.020 காட்டுச்சு, பாட்டிலில் அடைச்சேன். ரெண்டு வெடிச்சுது, மீதி புளிக்குது. கள்ளச்சாராயம் மாதிரி கண்ணு போயிடும்னு அம்மா போனில் அழறாங்க. பொங்கலுக்கு ஊரில் போட்டுக் காட்டலாமா?"

தம்பி, முதல்ல மீதி பாட்டில்கள். குலுக்காதீங்க. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கைக்குத் தடித்த உறை, பாட்டில் மேல கனமான துண்டு. ஃப்ரிட்ஜில் ஒரு நாள் நல்லா குளிரட்டும், அப்புறம் துண்டோடயே மூடியைத் திறந்து கொட்டிடுங்க.

வெடிச்ச காரணம் அந்த 1.020. ஹைட்ரோமீட்டர் காட்டறது தண்ணியோட ஒப்பிட்ட அடர்த்தி. ஈஸ்ட்ங்கற நுண்ணுயிர் சர்க்கரையைத் தின்னு ஆல்கஹாலும் கேஸும் ஆக்க ஆக்க அந்த எண் இறங்கும். இந்த ஏல் 1.010–1.012 வரைக்கும் இறங்கணும். ராத்திரி குளிரில் ஈஸ்ட் தூங்கிடுச்சு, அதான் குமிழி நின்னுது. வேலை முடிஞ்சு நிக்கல. மிச்சமிருந்த சர்க்கரை லிட்டருக்கு 18–20 கிராம் இருக்கும். பாட்டிலில் கேஸ் ஏத்த நாம போடறதே லிட்டருக்கு 5 கிராம்தான். ஹீட்டர் போட்டதும் ஈஸ்ட் முழிச்சு அத்தனையையும் தின்னிருக்கு. அடுத்த தடவை வாளி 18–20 டிகிரியில் இருக்கணும். இறங்காம நின்னா 20-க்கு ஏத்தி, மூடியைத் திறக்காம மெதுவா ஆட்டி விடுங்க. மூணு நாள் தொடர்ந்து ஒரே அளவு காட்டின பிறகுதான் பாட்டில். நம்ம ஊரில் பாலுக்கு லாக்டோமீட்டரை நம்பற மாதிரி இதுக்கு ஹைட்ரோமீட்டரை நம்பணும். நாள் கணக்கையும் குமிழியையும் நம்பக் கூடாது.

புளிப்பு வேற கதை. வாளியின் டேப்பை, அதாவது அடியில் இருக்கற குழாயைக் கழட்டுங்க. ரப்பர் வாஷரை நகத்தால நெம்பி எடுத்தா, அடியில் பழுப்பா, வழவழன்னு ஒரு படலம் இருக்கும். விரலில் தேச்சு மோந்து பாருங்க, பழைய மாவுச் சட்டி வாசனை வரும். பெரும்பாலும் இங்கதான் தொத்துது. இட்லி மாவைப் பொங்க வைக்கிற லாக்டிக் பாக்டீரியா வகையே ஏலுக்கு எதிரி. ஒரே சமையல்மேடையில் மாவு அரைச்சுட்டு ஏல் வாளியைத் திறக்காதீங்க. கரண்டியும் தனியா வேணும். ஸ்க்ரப்பர் போட்டுத் தேய்ச்ச பிளாஸ்டிக் வாளியின் கீறலுக்குள்ள சானிடைசர் சரியா போகாது, அந்த வாளியை மாத்திடுங்க. அலசத் தேவையில்லாத சானிடைசர் கடையில் கிடைக்கும், ஆனா அழுக்கு மேல அது வேலை செய்யாது. முதல்ல கழுவணும், பிறகுதான் சானிடைசர். பிளீச் மட்டும் வேண்டாம். சரியா அலசலைன்னா ஏல் டெட்டால் மாதிரி வாடை அடிக்கும். குழாய்த் தண்ணி குளோரினும் அதையே செய்யும். 23 லிட்டருக்கு, குளோரினைப் போக்கற கேம்ப்டன் மாத்திரையில் அரையைப் பொடிச்சுக் கலந்தா போதும். புளிப்போட வினிகர் நெடியும் இருந்தா, உள்ளே காத்து போயிருக்கு, மூடி இறுக்கமா இல்லைன்னு அர்த்தம்.

அம்மாவின் பயம் நியாயமானது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல செத்தது மெத்தனால் கலந்த சாராயத்தால. மால்ட் (முளைகட்டிய பார்லி) சர்க்கரையை ஈஸ்ட் தின்னா வர்றது எத்தனால். மெத்தனால் ஆபத்தான அளவுக்கு வரவே வராது. அதைப் பொறுமையா எடுத்துச் சொல்லுங்க. ஆனா ஏலைக் காய்ச்சி வடிக்கிற யோசனை ஒருநாளும் வேண்டாம், லைசென்ஸ் இல்லாம அது இங்கயும் குற்றம்.

ஊரில் போடாதீங்க. பிரிட்டனில் 1963-லிருந்து சொந்தத் தேவைக்கு ஏல் போட லைசென்ஸ் வேண்டாம், விக்கத்தான் கூடாது. தமிழ்நாட்டில் 1937 மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாம மது தயாரிக்கறதே குற்றம். போலீஸ் வந்தா ஊறல்னுதான் (சாராயம் காய்ச்சப் போட்ட கரைசல்) எழுதுவாங்க. அதோட ஜனவரியிலயும் வண்ணாரப்பேட்டைப் பகல் 28, 29 டிகிரி. நொதிக்கிற சூடும் சேர்ந்தா ஏலில் தின்னர் நெடிதான் வரும். கிட் ஈஸ்ட் ஹாமிலேயே இருக்கட்டும். கிளம்பறதுக்கு முன்னாடி டேப்பையும் வாஷரையும் கழட்டிக் கழுவி, ஈரம் இல்லாம காய வைச்சுட்டுப் போங்க.