பார்த்ததை எழுதுங்கள் – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

டார்வின் காலத்து இயற்கை ஆய்வாளர்கள், பூக்களைத் தேடி வரும் பூச்சிகளையும் படரும் கொடிகளையும் பற்றி கடிதம் எழுதியே நிறையக் கண்டுபிடித்தார்கள் என்று ஓர் உரையில் சொன்னீர்கள். எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் படித்தது வணிகவியல். மொட்டைமாடியில் தோட்டம் வைத்திருக்கிறேன். வாட்ஸப் குழுவில் படம் போட்டுப் பெயர் கேட்பேன். பெயர் வரும், அத்தோடு சரி. பேராசிரியர்கள் சிலருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன், பதில் இல்லை. எந்தப் புத்தகத்தில் தொடங்கலாம்? முறையான படிப்பு இல்லாதவன் எழுதினால் இன்று யார் மதிப்பார்கள்?

எஸ்., பொள்ளாச்சி

அன்புள்ள எஸ்,

பிரேசிலிலிருந்து டார்வினுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்த ஃபிரிட்ஸ் முல்லரைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. அதனால்தான் உடனே எழுதுகிறேன். புத்தகத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பேராசிரியர்களையும் விட்டுவிடுங்கள், அவர்களுக்கு ஆயிரம் வேலை.

ஆனால் 'முறையான படிப்பு இல்லாதவன்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் கோபம் வந்தது. ஜான் ஸ்காட், எடின்பரோ தாவரவியல் பூங்காவில் வேலை பார்த்த தோட்டக்காரர். ஆர்க்கிட் பூக்களைப் பற்றிய டார்வினின் புத்தகம் 1862-ல் வெளிவந்தது. அக்ரோபெரா என்ற ஆர்க்கிட்டில் இருப்பது ஆண் பூ மட்டுமே என்று அதில் டார்வின் கருதியிருந்தார். ஸ்காட் அதே ஆண்டு அவருக்கே கடிதம் எழுதி, அது சரியில்லை என்றார். தன் கையால் மகரந்தம் வைத்துப் பார்த்தவர் அவர். டார்வின் அவரிடம் மேலும் மேலும் கேட்டு எழுதினார். பிறகு ஸ்காட் இந்தியாவுக்கு வரக் கப்பல் செலவையும் கொடுத்தார். கல்கத்தா தாவரவியல் தோட்டத்தில் சேர்ந்த பிறகும் ஸ்காட் அவருக்கு எழுதிக்கொண்டுதான் இருந்தார்.

உங்கள் வாட்ஸப் படத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு பூ, கீழே 'இது என்ன?'. நீங்கள் எதைக் கவனித்தீர்கள் என்பது அதில் எங்கே இருக்கிறது? எத்தனை மணிக்கு விரிந்தது, யார் வந்தார்கள், எங்கே உட்கார்ந்தார்கள், தேனைக் குடித்தார்களா, மகரந்தத்தைத் தின்றார்களா, மறுநாள் பூ என்ன ஆனது? ஒன்றும் இல்லை. பெயரைக் கேட்டால் பெயர்தான் கிடைக்கும். அதற்குமேல் உங்களிடம் சொல்ல அவர்களுக்கு என்ன இருக்கிறது?

டார்வின் கொடிகளைப் பார்க்கத் தொடங்கியதே ஒரு கடித நண்பரால்தான். கொடிகள் சுற்றிப் பிடித்துக்கொள்ளும் சுருள் இழைகளான பற்றுக்கம்பிகளின் அசைவைப் பற்றி அமெரிக்கத் தாவரவியலாளர் ஆசா கிரே 1858-ல் ஒரு சிறு கட்டுரை எழுதினார். பிறகு காட்டு வெள்ளரி வகை ஒன்றின் விதைகளையும் அனுப்பினார். உடம்பு முடியாமல் வீட்டோடு கிடந்த டார்வின் அதை வளர்த்து, பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். நுனித்தண்டு ஒன்றரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் ஒரு முழு வட்டம் சுற்றி வருவதை 1863-ல் தன் நண்பரும் தாவரவியலாளருமான ஹூக்கருக்கு எழுதினார். எங்கே வைத்தாலும் பக்கத்துக் குச்சியைக் கண்டுபிடித்துவிடுகிறது, அதற்குக் கண் தெரிகிறது போல என்று ஒரு தோட்டக்காரர் சொன்னதையும் அதே கடிதத்தில் சேர்த்துக்கொண்டார். அந்த ஆளின் வார்த்தைக்கும் அங்கே இடம் இருந்தது.

எங்கள் சித்தி விடியற்காலையில் பூசணிப் பந்தலுக்குள் குனிந்து போவார். அடியில் குட்டிக்காய் இருந்தால் பெண் பூ. ஓர் ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிழித்துவிட்டு, அதன் நடுத்தண்டைப் பெண் பூவுக்குள் தேய்ப்பார். 'வண்டு வரலைன்னா நாமதான் வண்டு' என்பார். எந்தப் பூ காயாகும், எது வெம்பி விழும் என்று தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவார். அதையெல்லாம் யாரும் அவரிடம் கேட்டு எழுதிவைக்கவில்லை. எழுதி அனுப்ப ஓர் இடம் இருக்கிறது என்பதும் அவருக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும், எழுதவும் தெரியும். அப்புறமும் மதிப்பார்களா என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள்.

முல்லருக்கு வருகிறேன். ஜெர்மனியிலிருந்து 1852-ல் தென் பிரேசிலில் குடியேறினார், காட்டைத் திருத்தி விவசாயம் செய்தார், பிறகு அங்கே தெஸ்தெரோ என்ற ஊரில் கணக்கு வாத்தியார் ஆனார். படரும் கொடிகளைப் பற்றி டார்வின் எழுதிய கட்டுரை 1865-ல் அவர் கைக்கு வந்தது. பாராட்டி நாலு வரி எழுதிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. நேராகக் காட்டுக்குப் போனார். கிளையைச் சும்மா நீட்டித் தொற்றிக்கொள்ளும் செடி, கிளையாலேயே வளைத்துப் பிடிக்கும் செடி, கிளை நுனி பற்றுக்கம்பி போல ஆகிவிட்ட செடி, கிளையே முழுப் பற்றுக்கம்பியாக மாறிவிட்ட செடி என்று படிப்படியாகக் கண்டு எழுதினார். டார்வின் அந்தக் கடிதங்களை இயற்கை ஆய்வாளர்களின் அமைப்பான லண்டன் லின்னேயன் சங்கத்துக்கு அனுப்பி அச்சேற வைத்தார். 1882-ல் டார்வின் இறக்கும்வரை கடிதங்கள் நிற்கவில்லை. இருவரும் ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை.

முல்லரின் கடிதம் ஒன்றை டார்வின் 1877-ல் 'நேச்சர்' அறிவியல் இதழுக்கு அனுப்பினார். அதில் லண்டானா செடி ஒன்றைப் பற்றி ஒரு பகுதி உண்டு. பூ மூன்று நாள் இருக்கும். முதல் நாள் மஞ்சள், இரண்டாம் நாள் ஆரஞ்சு, மூன்றாம் நாள் ஊதா. சில வண்ணத்துப்பூச்சிகள் மஞ்சளிலும் ஆரஞ்சிலும் குடிக்கின்றன, சில மஞ்சளை மட்டுமே தொடுகின்றன, ஊதாவை எதுவும் தொட்டு அவர் பார்க்கவில்லை. பூ முதல் நாளே உதிர்ந்துவிட்டால் கொத்து தூரத்திலிருந்து கண்ணில் படாது. நிறம் மாறாமலே இருந்தாலோ, மகரந்தம் ஏற்கெனவே சேர்ந்த பூவில் பூச்சி வீணாக நேரத்தைக் கழிக்கும். இதுதான் அவர் சொன்ன விளக்கம். ஆய்வகம் எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை. செடியின் முன்னால் நின்றிருக்கிறார், அவ்வளவுதான்.

லண்டானா என்றால் வேறெதுவும் இல்லை, நம் உண்ணிச்செடியின் இனம்தான். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து நம் காடுகளை அடைத்துக்கொண்டிருக்கிறதே, அதே கூட்டம். உங்கள் பக்கம் வேலியோரமெல்லாம் நிற்கும். கொத்தில் வெளிவட்டப் பூக்கள் முதலில் விரிந்தவை, நிறம் மாறியிருக்கும். நடுவில் இருப்பவை புதியவை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு கொத்துக்கு முன்னால் உட்காருங்கள். எந்த நிறப் பூவில் எது வாயை வைத்தது, எத்தனை மணிக்கு, வெயிலா மேகமா என்று குறித்து எனக்கு எழுதுங்கள். பூச்சியின் பெயர் தெரியாவிட்டால் சிறகு எப்படி இருந்தது என்று எழுதினால் போதும். படம் அனுப்ப வேண்டாம்.