வாசகர் கேள்வி பதில்: ஸ்காட்லாந்துல ஒரு ஜமீன் வீடு

கேள்வி: மகன் எடின்பரோல வேலை பாக்கறான், ஜூலைல டர்பன்ல இருந்து நாங்க போறோம். ஹோப்டன் ஹவுஸ்னு ஒரு மாளிகைக்கு கூட்டிட்டுப் போறேன்ங்கறான். அரை நாள் செலவு பண்ற அளவுக்கு அங்க என்ன இருக்கு?
(வாசகி, சாட்ஸ்வொர்த்)

பதில்: தாராளமா போங்கக்கா. ஆனா முன்வாசல்ல நின்னு போட்டோ எடுத்துட்டு திரும்பிடாதீங்க, பின்பக்கமும் சுத்திப் போய் பாருங்க, ஏன்னா அது பாக்கத்தான் ஒரு வீடு, உண்மையில ரெண்டு. 1699ல வில்லியம் புரூஸ்ங்கற ஆர்க்கிடெக்ட் ஆரம்பிச்சு 1707 வாக்கில முடிச்சது அளவான, அடக்கமான வீடு, மேற்குப் பக்கம் போனா இப்பவும் அது தெரியும். வீட்டுக்காரர் சார்ல்ஸ் ஹோப்புக்கு நடுவுல ஏர்ல்ங்கற பிரபு பட்டம் கிடைச்சுது, பட்டத்துக்கு ஏத்த முகப்பு வேணும்ல, 1721ல வில்லியம் ஆடமைக் கூப்பிட்டு கிழக்குப் பக்கத்தையே மாத்திட்டார். உசரத்தூண் பதிச்ச சுவர், ரெண்டு பக்கமும் வளைஞ்சு போற தூண் வரிசை, அது முடியற இடத்துல ஆளுக்கொரு தனிக்கட்டடம். நம்ம ஊர்ல பழைய கவுன்சில் வீட்டுக்கு முன்னால தூண் வச்சு எக்ஸ்டென்ஷன் போடுவாங்களே, அதே ஆசைதான், பட்ஜெட்தான் வேற! ஆடம் 1748ல போயிட்டார், மகன்கள் ஜானும் ராபர்ட்டும் உள்வேலையப் பாத்து 1767ல முடிச்சாங்க. எல்லாரும் சிவப்பு ட்ராயிங் ரூம் சீலிங்கத்தான் அண்ணாந்து பாப்பாங்க, நல்லாத்தான் இருக்கும், ஆனா என் ஓட்டு புரூஸோட எட்டுப்பட்டை மாடிப்படிக்கு. பைன் மரத்துல பூ, கோதுமைக்கதிர், பட்டாணிக்காய்னு செதுக்கியிருக்காங்க, கிட்டப் போய் பாருங்க. கூரை மேல ஏற விட்டா ஏறிடுங்க, ஃபோர்த் கழிமுகமும் பாலங்களும் தெரியும்.

கேள்வி: இவ்வளவு கட்ட காசு எங்கேர்ந்து வந்துச்சு?
(வாசகர், ஃபீனிக்ஸ்)

பதில்: பெரும்பாலும் ஈயம். தெற்கு ஸ்காட்லாந்துல லெட்ஹில்ஸ்னு ஒரு மலையூர், அங்க இருந்த சுரங்கம் இந்தக் குடும்பத்துது. தூண், சீலிங், பட்டுத்துணி எல்லாத்துக்கும் பின்னால மண்ணுக்குள்ள குனிஞ்சு ஈயம் வெட்டினவங்க இருக்காங்க, தென்னாப்பிரிக்கக் கரும்புக்காட்டுல வேல பாத்தவங்க வாரிசு நமக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்ல. ஆனா ஒண்ணு, அந்தச் சுரங்கத் தொழிலாளிங்க 1741லயே சந்தா போட்டு லைப்ரரி ஆரம்பிச்சுட்டாங்க, அது இன்னும் இருக்கு. கார் இருந்தா மகனை அங்கயும் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க, என்னைக் கேட்டா மாளிகையோட பாதிக்கதை அந்த ஊர்லதான்.

கேள்வி: இந்தியாவுக்கும் அந்த வீட்டுக்கும் சம்பந்தம் உண்டாமே?
(வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

பதில்: உண்டு. 1936ல இருந்து 1943 வரைக்கும் வைஸ்ராயா இருந்த லின்லித்கோ பிரபு பிறந்ததே அந்த வீட்லதான், 1887ல. 1939ல இந்தியத் தலைவர்கள் யாரையும் ஒரு வார்த்தை கேக்காம இந்தியா போர்ல இருக்குன்னு அறிவிச்சவர் இவர்தான், 1942 ஆகஸ்ட்ல காந்தியை உள்ள தள்ளினதும் இவர் ஆட்சியிலதான். அதுக்காக வீட்டுமேல கோபப்பட்டு போகாம இருந்துடாதீங்க, 1974ல இருந்து அதை ஒரு அறக்கட்டளை பாத்துக்குது, நீங்க குடுக்கற டிக்கெட் காசு கட்டடப் பராமரிப்புக்குப் போகும்.