முப்பதாயிரமும் ஒரு நாய்க்குட்டியும்

கேள்வி: மே மாத விடுமுறையில் மனைவி, பிள்ளைகளோடு கன்னியாகுமரிக்குப் போய் மூன்று நாள் தங்கிவிட்டு வந்தோம். மகனுக்கு ஆறு வயது, மகளுக்கு மூன்று. கடல் தெரியும் அறை, படகு, சாப்பாடு என்று முப்பதாயிரம் ரூபாய் ஆயிற்று. நானூறு போட்டோ எடுத்தேன். ஊர் திரும்பியதும் ‘என்ன பார்த்தீர்கள்?’ என்று கேட்டால், பெரியவன் ‘லாட்ஜில் லிஃப்ட் இருந்தது’ என்கிறான். சின்னவள் ‘நாய்க்குட்டி’ என்கிறாள். சூரிய உதயம், திருவள்ளுவர் சிலை எதுவும் நினைவில்லை. விவரம் தெரியாத வயதில் அழைத்துப் போனது வீண்தானா?
- ஒரு வாசகர், ஈரோடு

பதில்: ஒரு லிஃப்ட், ஒரு நாய்க்குட்டி, தலா பதினைந்தாயிரம். கணக்கு இடிக்கத்தான் செய்யும்.

ஆனால் பிள்ளைகளின் பக்கமும் கொஞ்சம் கேளுங்கள். மே மாதத்தில் அங்கே ஆறு மணி வாக்கில் சூரியன் வந்துவிடும். அப்படியானால் ஐந்து மணிக்கே எழுப்பி, அழ அழப் பல் தேய்த்து, கூட்டத்தில் தோள்மேல் தூக்கி ‘அதோ பார், அதோ பார்’ என்று கிழக்கே காட்டியிருப்பீர்கள். மூன்று வயதுக்காரிக்கு அது ஒரு காலைப்பொழுது. ஈரோட்டிலும் தினமும் வருவது. சிலை 133 அடி. நாய்க்குட்டி அவள் முழங்கால் உயரம். அண்ணாந்து பார்க்க வேண்டியதை விட்டுவிட்டு, கைக்கு எட்டியதை அவள் எடுத்துக்கொண்டாள். இதில் என்ன குற்றம்?

விஷயத்துக்கு வருகிறேன். பெரியவர்களைக் கேட்டால், முதல் நினைவு என்று சொல்வது சராசரியாக மூன்று, மூன்றரை வயதில் நடந்த ஒன்றைத்தான். அதற்கு முந்தியது ஏன் அழிந்துபோகிறது என்று மனோதத்துவ மருத்துவர் ஃபிராய்ட் காலத்திலிருந்தே மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு நினைவே பதியாது என்பது தவறு. நன்றாகவே பதிகிறது, சில மாதம் கழித்துக்கூடச் சொல்வார்கள். அப்புறம் ஏழெட்டு வயதுக்குள் அதில் பெரும்பகுதி உதிர்ந்துவிடுகிறது. எது தங்கும் என்பதில் வீட்டுப் பேச்சுக்குப் பங்குண்டு. நியூசிலாந்தில் நடந்து 2000-இல் வெளியான ஓர் ஆய்வில், அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் முதல் நினைவு சராசரியாக மூன்று வயதுக்கும் முந்தையதாக இருந்தது. நடந்ததை நடந்தபடி, விலாவாரியாகப் பிள்ளைகளோடு பேசும் பழக்கம் அவர்களுக்கு உண்டு என்பதைக் காரணமாகச் சொல்கிறார்கள்.

பேசுவது என்றால் நீங்கள் வைத்த மாதிரிப் பரீட்சை இல்லை. ‘என்ன பார்த்தே?’ என்றால் பிள்ளை ஒரு வார்த்தையில் முடித்துவிடும். நாய்க்குட்டி என்ன நிறம், யார் பின்னால் ஓடியது, பிஸ்கட் போட்டதும் மணலோடு சேர்த்துத் தின்றதா என்று கேட்டீர்களா? கேட்டிருக்க மாட்டீர்கள். உங்களுக்கே தெரிந்திருக்காது. நானூறு போட்டோ எடுத்தவருக்கு நாய்க்குட்டியைப் பார்க்க நேரம் ஏது? அந்த நானூறில் நீங்கள் எத்தனையில் இருக்கிறீர்கள் என்றும் எண்ணிப் பாருங்கள்.

எனக்கு மூன்றரை வயதில் எங்கள் வீட்டிலும் கன்னியாகுமரிக்குப் போனோம். தங்கவில்லை, விடிகாலை பஸ்ஸில் போய் ராத்திரி பஸ்ஸில் திரும்பினோம். கோயில், பாறை, படகு எதுவும் எனக்கு நினைவில்லை. மணிக்கட்டு வலித்தது நினைவிருக்கிறது. அம்மா என் விரலைப் பிடிக்கவில்லை. ஈரக்கை வழுக்கும், அலை இழுத்தால் விரல் உருவிக்கொள்ளும் என்று மணிக்கட்டை வளையல் மாதிரி இறுக்கியிருந்தாள். அலை திரும்பும்போது குதிகாலுக்கு அடியில் மணல் கரைந்து, நின்ற இடத்திலேயே உடம்பு பின்னால் சாய்கிற அந்தப் பயம் இப்போதும் காலில் இருக்கிறது. (நீங்களும் மணிக்கட்டைத்தான் பிடித்தீர்கள் என்று நம்புகிறேன். அது பாறையும் இழுப்பும் உள்ள கடல்.)

அப்புறம் மணல். நிறம் நிறமாகப் பொட்டலம் கட்டி விற்பார்களே, அது. கறுப்பு இல்மனைட் தாது, சிவப்பு கார்னெட் தாது என்பதெல்லாம் பின்னால் பள்ளிக்கூடத்தில் படித்தது. அம்மா சொன்ன கதை வேறு. குமரி அம்மனுக்கும் சுசீந்திரத்துச் சாமிக்கும் கல்யாணம் நிச்சயமாகி, நாரதர் சேவல் மாதிரிக் கூவியதில் முகூர்த்தம் தவறிப்போய், விருந்துக்கு வைத்திருந்த அரிசியும் பருப்பும் மணலாகிவிட்டதாம். கேட்டதும் நான் ஒரு பிடி எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். பல்லில் நறநறவென்றது. அம்மா விரலை விட்டு வாயைத் துழாவி, சுக்குக் காப்பி வாங்கிக் கொப்பளிக்க வைத்தாள்.

இதைப் பல வருடம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு பொங்கலன்று அக்கா, ‘மணலைத் தின்றது நான்டா! நீ அம்மா இடுப்பில் தூங்கிக்கொண்டிருந்தாய். வீட்டுக்கு வந்து நான் சொன்னதைக் கேட்டுக் கேட்டு உன்னுடையதாக்கிக்கொண்டாய்’ என்றாள். அம்மாவைக் கேட்டோம். இரண்டு பேருமே தின்றிருப்பீர்கள் என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். ஒரு போட்டோகூட இல்லாததால் வழக்கு இன்னும் நிலுவையில் இருக்கிறது.