தெருவோரப் புளியமரம் சாய்கிறது: சோதிக்க வேண்டியது யார்?

கேள்வி: நாகர்கோவிலில் எங்கள் தெருமுக்குப் புளியமரம் ரோட்டுப் பக்கம் சாய்கிறது. அதைச் சோதிப்பது மாநகராட்சி வேலைதானா?

மரம் நிற்கிற நிலம் யாருடையதோ அவர்கள்தான் பொறுப்பு. தெரு மாநகராட்சியுடையது என்றால் ஆணையர். பேரூராட்சி என்றால் செயல் அலுவலர். அதே மரம் பத்தடி தள்ளி நின்றால் நெடுஞ்சாலைத்துறை. சானல் கரை என்றால் நீர்வளத்துறை. "எங்க மரம் இல்ல" என்று மனு சுற்றிவருவது இதனால்தான். முதலில் வி.ஏ.ஓ.விடம் சர்வே எண் கேட்டு, 'அ' பதிவேட்டை (நிலம் யாருடையது என்று காட்டும் கிராமக் கணக்கு) பார்த்துவிடுங்கள்.

சாய்வைக் கண்டு மட்டும் பயப்பட வேண்டாம். வெளிச்சம் தேடி இளசிலேயே வளைந்த மரம், நுனி நிமிர்ந்து பல்லாண்டு நிற்கும். புதுச் சாய்வுதான் வில்லங்கம்: சாய்வுக்கு எதிர்ப்பக்கம் மண் வெடித்து மேலெழும்பி இருக்கும். ஓடை கட்ட ஜேசிபி ஒருபக்க வேரை அறுத்த மரங்களில் இது சகஜம். அடுத்து மரத்தின் அடிப்பாகத்தைப் பாருங்கள். அங்கே தட்டுக்காளான் முளைத்திருந்தால் உள்ளே வெகுநாளாக அழுகுகிறது. மேலே இலை பச்சையாக இருக்கிறதே என்று நம்பாதீர்கள். தண்ணீர் ஏறுவது வெளிமரத்தில், அழுகுவது நடுவைரம். மரச்சுத்தியால் தட்டினால் பொந்து உள்ள இடம் காலிப் பானைபோல ஒலிக்கும். பொந்து இருந்தாலே வெட்ட வேண்டும் என்றில்லை. பொந்தைச் சுற்றி மீந்த நல்ல மரச்சுவர், மரத்தின் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்பது கைக்கணக்கு: 90 செ.மீ. விட்டத்துக்கு 15 செ.மீ. பொந்து வெளியே வாய் திறந்திருந்தால் இந்தக் கணக்கு செல்லாது.

நம் மாவட்டத்துக்கு ஜூனில் ஒன்று, அக்டோபரில் ஒன்று என இரண்டு மழை. மே மாதம் மட்டும் பார்த்தால் போதாது, பல காளான்கள் மழைக்குப் பிறகே தலைகாட்டும். செப்டம்பரிலும் பார்க்க வேண்டும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் எத்தனை மரங்களைச் சாய்த்தது என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

மனுவில் சர்வே எண், பக்கத்து மின்கம்ப எண், தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் மரத்தின் சுற்றளவு, மண் வெடிப்பு அல்லது காளான் படம் (அருகில் அளவுகோல் வைத்து) இவை இருக்கட்டும். "ஆபத்தான மரம்" என்று மொட்டையாக எழுதினால் நகராது. ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள்.

பல நேரம் கனத்த கொப்புகளைக் குறைத்தாலே போதும். ஆனால் மொட்டையடிக்க விடாதீர்கள். வெட்டுவாயில் கொத்தாகத் துளிர்க்கும் கிளைகளுக்குப் பிடிப்பு கிடையாது, சில ஆண்டில் அவையே ஒடிந்து விழும். அரசு நிலத்து மரத்தை அடியோடு வெட்ட ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும். உடனடி ஆபத்து என்றால் நாகர்கோவில் கோட்டாட்சியரிடம் (மேற்கே பத்மநாபபுரம் சார் ஆட்சியரிடம்) பி.என்.எஸ்.எஸ். (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் வந்த சட்டம்) 152-ஆம் பிரிவில் மனு கொடுக்கலாம். மரத்தை அகற்றவோ முட்டுக்கொடுக்கவோ அவர் உத்தரவிட முடியும். கொப்பு மின்கம்பியில் உரசினால் இதற்கெல்லாம் காத்திருக்காமல் மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தை அழையுங்கள்: 94987 94987.